கண்டது, கேட்டது, கற்றது

தமிழில் நாவல் என்னும் இலக்கிய வகை தோன்றி ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டு வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது 53. முன்சீப்பாக இருந்து பல வழக்குகளைக் கேட்டவர். உலகியலை நன்கு அறிந்தவர். அடுத்துத் தோன்றிய சிறந்த நாவலாகிய 'கமலாம்பாள் சரித்திரம்' 1893ஆம் ஆண்டு 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் பி. ஆர். ராஜமய்யருக்கு அப்பொழுது வயது 21. நம் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் ஒரு மாணவனின் வயது அது. அவர் 26ஆம் வயதிலேயே மறைந்தும் போனார்.

இவ்விருவரையும் அடுத்தடுத்துப் பாடமாகப் படித்த நாள்முதல் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது. நாவல் என்பது நீண்ட வாழ்வின் விளைவு என்றால், வாழ்வைத் தொடங்கியே இராத ஓர் இளைஞன் அதனை எழுதலாமா? நான் வரலாற்று மாணவன். நாவல் ஒன்றை எழுதவேண்டும் என்னும் ஆசையுடையவன். இவ்வாசையை ஒருமுறை வகுப்பில் வெளியிட்டபோது எங்கள் பேராசிரியர் ஒருவர், "எழுது தம்பி, நன்றாக எழுது. ஆனால் உன்னிடம் நினைவு என்று என்ன இருக்கிறது?" என்று அன்போடு கேட்டார். அக்கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை.

நினைவு ஒரு களஞ்சியமா?

நாம் பொதுவாக நினைவைக் குதிருக்கு ஒப்பிடுகிறோம். போட்டு வைத்த நெல் போட்டபடியே இருக்கும். வேண்டும்போது அள்ளிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறோம். உளவியலார் கண்டது வேறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட்லெட் என்னும் அறிஞர் 1932ஆம் ஆண்டு, நினைவு கூர்தலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்தும் பல நாள் கழித்தும் பல மாதம் கழித்தும் அதனைத் திரும்பச் சொல்லச் செய்தார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. அவர்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகள் உதிர்ந்தன. கதையில் வரும் பழங்குடியினரின் சிறு தோணி, சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை, மீன் பிடித்தலாயிற்று. தமக்குப் பழகிய உலகத்துக்கு ஏற்ப அவர்கள் கதையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாற்றியதை அவர்கள் அறியவும் இல்லை.

மறக்கவே முடியாது என்று நாம் கருதும் நிகழ்ச்சிகளாவது அப்படியே நிற்குமா? 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் 'சாலஞ்சர்' விண்வெளி ஓடம் வானில் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், அச்செய்தியை எங்கே, எவ்வாறு, யாரிடமிருந்து அறிந்தார்கள் என்று நைசர் என்னும் உளவியலார் எழுதி வாங்கி வைத்தார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர்களுள் 44 பேரிடம் அதே வினாக்கள் மீண்டும் கேட்கப்பட்டன. நால்வரில் ஒருவர் கூறிய விடை, முன்பு தாமே எழுதியதோடு எந்த ஒன்றிலும் பொருந்தவில்லை. ஆனாலும் பலர் தம் நினைவே சரி என்று உறுதியோடு இருந்தார்கள். தம் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு மீளவில்லை.

ஆக, நினைவு என்பது எடுக்கும்தோறும் புதிதாக நெய்யப்படுவது. இதனை அறிந்தபோது முதலில் எனக்கு அச்சம் உண்டாயிற்று. பின்னர்ச் சிந்தித்துப் பார்க்கையில் ஓர் ஆறுதலும் பிறந்தது. ஐம்பது வயதுக்காரரிடம் இருப்பது நிறைந்த குதிரும் அன்று. இருபது வயதுக்காரனிடம் இருப்பது வெறுங் குதிரும் அன்று. இருவரும் நெய்யத்தான் வேண்டும். நூல் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்து நெய்கிறோமா என்பதே கேள்வி.

இதற்குப் பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் நல்ல சான்று. 1913 முதல் 1927 வரை ஏழு பகுதிகளாக வெளிவந்த அவருடைய பெருநாவலில், தேநீரில் தோய்த்த 'மதலேன்' என்னும் சிறு கேக்கின் சுவை, கதைசொல்லியின் இளமைக்கால ஊர் முழுவதையும் மீட்டுத் தருகிறது. நினைவைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் எடுத்துக்காட்டும் இடம் அது. ஆனால் அவர் முன்னர் எழுதி வைத்த வரைவுகளில் அந்தக் கேக் இல்லை. வாட்டிய ரொட்டிதான் இருக்கிறது. ரொட்டி கேக்காக மாறியதால் நாவல் பொய்யாகிவிடவில்லை. எழுதுகிறவர் தேர்ந்து மாற்றிய மாற்றம் அது. அறியாமல் மாறுவது மனித இயல்பு. அறிந்து மாற்றுவது கலை. இவ்விரண்டையும் பிரித்து உணர்வதே நாவல் எழுத விழைவோன் கற்க வேண்டிய முதல் பாடம் என்று நான் கருதுகிறேன்.

மூவகை நினைவு

நாவலாசிரியர்கள் சிலரைப் படித்துப் பார்த்ததில், அவர்கள் கையாளும் நினைவை மூன்றாகப் பகுக்கலாம் என்று தோன்றுகிறது. தானே கண்டது ஒன்று. பிறர் சொல்லக் கேட்டது ஒன்று. தேடிச் சென்றும் படித்தும் கற்றது ஒன்று.

முதலாவதாகக் கண்டதைப் பார்ப்போம். அசோகமித்திரன் 1931ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் பிறந்தவர். இளமையை அங்கேயே கழித்துப் பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். 1948ஆம் ஆண்டு ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டதையும், அதற்கு முந்திய கொந்தளிப்பையும் ஓர் இளைஞனின் கண்வழிக் காட்டும் அவருடைய 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. கண்டதற்கும் நூலாக வந்ததற்கும் இடையே ஏறத்தாழ 30 ஆண்டுகள். ப. சிங்காரம் 18 வயதில் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்றவர். போர்க்காலத்தை அங்கே கழித்துவிட்டு 1946இல் தாயகம் திரும்பினார். 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தன. வாழ்நாளில் அவர் எழுதிய நாவல்கள் இவ்விரண்டே. மேடானில் இருக்கும் பாண்டியன் மதுரைத் தெருக்களை எண்ணுவதையும், மதுரையில் அமர்ந்து ஆசிரியர் மேடான் தெருக்களை எண்ணுவதையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தால், கண்ட இடத்தைவிட்டு அகன்ற பின்னரே அவ்விடம் எழுத்தாகிறது என்பது விளங்கும்.

இரண்டாவது, கேட்டது. கி. ராஜநாராயணன் இடைசெவலில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர். 1976இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்', ஆந்திரத்திலிருந்து புலம்பெயர்ந்து கரிசல் மண்ணில் குடியேறிய மக்களின் கதை. அக்குடியேற்றத்தை அவர் கண்டிருக்க இயலாது. அது பல தலைமுறைகளுக்கு முந்தியது. நூறு வயதைக் கடந்த பாட்டியொருத்தி சொல்லச் சொல்லச் சுற்றத்தார் கேட்பதாகவே அப்பகுதி அமைந்துள்ளது. வீட்டுத் திண்ணையில் வழிவழியாக வந்த பேச்சே அங்கு நாவலின் ஆவணம். அவர் கதையோடு நில்லாமல் சொற்களையும் சேர்த்தார். 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார அகராதி அதன் பயன். கேட்பவன் கதையை மட்டும் கேட்டால் போதாது, சொல்லையும் கேட்க வேண்டும் என்பதை நான் அவரிடம் கற்றேன்.

மூன்றாவது, கற்றது. ராஜம் கிருஷ்ணன் தம் நாவலுக்குரிய களத்துக்கு நேரே சென்று, மக்களோடு பழகி, கேட்டு, பார்த்து எழுதியவர். நீலகிரிப் படகர் வாழ்வைப் பற்றிய 'குறிஞ்சித் தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' ஆகியன அவ்வாறு பிறந்தவை. உப்பளத்தில் அவர் பிறக்கவில்லை. கால் வெடிக்க உப்பு வாரவில்லை. எனினும் தேடிச் சென்று கற்றதால் அவ்வாழ்வு அவருக்கு வசப்பட்டது. நினைவு இல்லையே என்று கலங்கும் இளைஞருக்கு இவரைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

எந்த நாவலும் இம்மூன்றில் ஒன்றால் மட்டும் ஆனதன்று. விகிதம் மாறுமே தவிர, மூன்றும் கலந்தே இருக்கும்.

என் குறிப்பேடு

நான் எழுத நினைப்பது ஒரு நெசவுத் தெருவைப் பற்றி. ஈரோடு மாவட்டத்து நெசவூர் ஒன்று என் அம்மாவின் ஊர். நான் சிறுவனாக விடுமுறைக்குச் சென்ற காலத்திலேயே கைத்தறிகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. விசைத்தறியின் ஓசைதான் என் காதில் விழுந்த தெருவோசை. அம்மாயி வீட்டில் குழித்தறி இருந்த இடத்தில் குழியை மூடிச் சிமிட்டி பூசியிருந்தார்கள். அவ்விடம் மட்டும் மற்றத் தரையைவிடச் சற்றே நிறம் வெளுத்து, நீள்சதுரமாகத் தெரியும். நாங்கள் அதன்மேல் பாய் விரித்துப் படுப்போம். இவ்வளவுதான் நான் கண்டது.

மற்றவற்றை எல்லாம் அம்மாயி சொல்லக் கேட்டேன். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போட்டதும், பெண்கள் ராட்டையில் தார் சுற்றியதும், பாவு காயுமுன் மழை வந்தால் தெருவே ஓடிவந்து கைகொடுத்ததும் அவர் சொல்லி அறிந்தவை. பாவு, ஊடை, தார், நாடா, விழுது, அச்சு என்னும் சொற்களை அவர் வாயிலிருந்தே எழுதிக்கொண்டேன். தறி போனால் அதனோடு அதன் சொற்களும் போய்விடுகின்றன. என் தங்கைக்கு 'ஊடை' என்றால் என்னவென்று தெரியாது.

படித்துக் கற்றதும் உண்டு. கைத்தறித் தொழில் 1950களின் தொடக்கத்தில் கடும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1952இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைக்கப்பட்டது. 1953இல் ஆலைத் துணிமீது கூடுதல் தீர்வை விதித்துக் கைத்தறிக்கும் கதருக்கும் நிதி திரட்டச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த வாரியம் 2020ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. இவை வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் தேடி அறிந்தவை. தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' என்னும் நாவல் 1953இலேயே, அந்நெருக்கடியின் சூடு ஆறுமுன் வெளிவந்தது. அதனை நான் நூலகத்தில் எடுத்து இருமுறை படித்தேன்.

அதன்பின் ஒன்றைக் கவனித்தேன். அம்மாயி சொன்ன தெருவை எண்ணும்போதெல்லாம் நாவலில் படித்த தெருவும் உடன் எழுந்து வந்தது. நல்ல நாவலுக்கு அந்த வலிமை உண்டு; படிப்பவனின் நினைவுக்குள் புகுந்து குடியேறிவிடும். புரூஸ்ட் தம் இளமைக்கால விடுமுறை ஊராகிய இல்லியேவை நாவலில் கொம்பிரே என்று பெயரிட்டு எழுதினார். 1971ஆம் ஆண்டு அவ்வூர் தன் பெயரையே இல்லியே-கொம்பிரே என்று மாற்றிக்கொண்டது. ஊரையே மாற்றும் எழுத்து, இருபது வயது மாணவனின் நினைவை மாற்றாதா?

ஆகவே தொடக்கத்திலிருந்தே என் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடிட்டு வைத்துள்ளேன். கண்டது இடப்பக்கம், கேட்டது நடுவில், சொன்னவர் பெயரும் நாளும் இட்டு, கற்றது வலப்பக்கம், நூலின் பெயரோடு. எழுதும்போது மூன்றையும் கலப்பதற்கு எனக்கு உரிமை உண்டு. ஆனால் எதனோடு எதைக் கலக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தை 1940ஆம் ஆண்டு 'ஆனந்த விக'டனில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 85. ஆயினும் 70 ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சிகளை நேரில் நிற்பதுபோல் காட்டுகிறார். ஏட்டையும் கடிதத்தையும் வாழ்நாள் முழுவதும் போற்றிக் காத்தவர் அவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மும்முறை மாறிய கதை

குறிப்பேட்டின் பயனை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை இங்கே கூறவேண்டும். அம்மாயியின் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய இரண்டு செய்திகளை மட்டும் மாற்றியுள்ளேன்.

நெருக்கடிக் காலத்தில் அம்மாயிக்கு எட்டு வயது. நெய்த துணி விற்காமல் தேங்கிப்போக, தறிகள் நின்றுவிட்டன. ஊரில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்ற கதையை அவர் என்னிடம் மும்முறை சொன்னார். முதல்முறை சொன்னது நான் முதலாண்டு படித்தபோது, கோடை விடுமுறையில். அடுத்து வந்த பொங்கலில் இரண்டாம் முறை; மறுஆண்டு ஆடியில் மூன்றாம் முறை.

மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. போசியின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது என்பது மூன்றிலும் இருந்தது. தறியோசை இல்லாத தெரு, பகலிலேயே இரவு போல இருந்தது என்பதும் மூன்றிலும் இருந்தது. முன்னால் நின்ற அம்மாள் ஒருத்தி தன் இடத்தைக் குழந்தைக்கு விட்டுக்கொடுத்ததும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. முதல்முறை சொன்னபோது அண்ணனும் உடன் வந்தான். இரண்டாம் முறை அண்ணன் காய்ச்சலில் வீட்டில் கிடந்தான். மூன்றாம் முறை அவன் ஊரிலேயே இல்லை. மாமன் வீட்டுக்குப் போயிருந்தான்.

வயது முதிர்ந்தவரின் மறதி என்று இதனை ஒதுக்கிவிடலாம். பார்ட்லெட் சொன்ன விதிப்படி, நாளாக ஆகக் கதை மாறுவது இயல்பே. ஆனால் மறதி என்றால் அது போசியையும் தொட்டிருக்க வேண்டாமா? எல்லாம் அசையாமல் நிற்க, அண்ணன் மட்டும் ஏன் இடம் மாறிக்கொண்டே இருக்கிறான்? நான் எதுவும் கேட்கவில்லை. மூன்று நாளும் எழுதி வைத்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவ்வளவுதான்.

அம்மாயி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். அண்ணனுக்கு அப்பொழுது பதினைந்து வயது. நெய்வதற்காகக் கொடுத்திருந்த நூலில் ஐந்து சிட்டத்தை அவன் வெளியே விற்றுவிட்டான். அந்தக் காசில் அரிசி வாங்கி வந்தான். இரண்டு நாள் சோறு. மூன்றாம் நாள் நூல் கொடுத்தவர் கணக்குப் பார்த்தார். எட்டு வயதுக் குழந்தை போசியை எடுத்துக்கொண்டு கஞ்சிக்குப் போன அதே காலையில், அண்ணனைத் திண்ணைத் தூணில் கட்டி வைத்திருந்தார்கள். தொட்டிக்குப் போக அந்தத் திண்ணையைக் கடந்துதான் போகவேண்டும். குழந்தை கடந்து போயிற்று. போகும்போதும் வரும்போதும் அவன் தலையை நிமிர்த்தவில்லையாம்.

அதற்குப் பின் அவர் நெடுங்காலம் நல்லபடியாக வாழ்ந்து, பலருக்கு உதவி, மதிப்போடு மறைந்தார். அவர் மக்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். எழுபது ஆண்டுகளாக இக்கதையை அம்மாயி எத்தனை பேருக்கோ சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அண்ணனை அந்தத் தூணிலிருந்து அவிழ்த்து வேறெங்கோ அனுப்பிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

உளவியலார் கணக்கில் அந்த மூன்றும் பிழையான நினைவுகள். வரலாற்று மாணவனாகிய நானும் அவற்றை முரண்பட்ட சான்றுகள் என்றே குறிப்பேன். நாவல் எழுத விழைகிறவனுக்கு அம்முரண்பாடுதான் கதை. நினைவில் எது மாறாமல் நிற்கிறது என்று கேட்பது போலவே, எது மாறிக்கொண்டே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். மாறும் இடத்தில் ஒரு வலியோ, ஒரு பாசமோ, ஒரு மானமோ ஒளிந்திருக்கக் கூடும். மும்முறையும் நாளிட்டு எழுதி வைத்திராவிட்டால் என் மனமே அம்மூன்றையும் ஒன்றாக்கி, இசைவான ஒரு கதையைச் செய்து தந்திருக்கும். அண்ணன் காய்ச்சலில் கிடந்ததாகவே நானும் எழுதியிருப்பேன்.

எழுதும் உரிமை யாருக்கு?

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. கேட்ட கதை கேட்டவனுக்குச் சொந்தமா? சொன்னவருக்கா? அல்லது தூணில் கட்டப்பட்டிருந்தவருக்கா?

இதற்கு விடை எளிதன்று. பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. தமிழ்த் தலித் இலக்கியத்தில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிய தன்வரலாற்று நூல் அது. ஆனால் நூல் வெளிவந்த காலத்தில் சொந்த ஊராரே சினங்கொண்டதால் அவர் சில மாதங்கள் ஊருக்குள் செல்ல இயலாமல் இருந்தார். தம்மைப் பற்றி உலகறிய எழுதிவிட்டார்களே என்னும் மக்களின் கூச்சமும் உண்மை. எழுதப்படாமலே கிடந்த வாழ்வு எழுதப்பட வேண்டும் என்னும் எழுத்தாளரின் துணிவும் உண்மை. ஒன்றுக்காக மற்றொன்றைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. காலப்போக்கில் அந்நூல் பெற்ற மதிப்பை நாம் அறிவோம். எனினும், அந்தச் சில மாதங்களின் துன்பத்தை எழுத விரும்புவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான் அம்மாயியிடம் கேட்டேன். "இதை எழுதலாமா அம்மாயி?"

"எழுதறதுன்னா எழுது கண்ணு. நூலை வித்தான்னு மட்டும் எழுதிப் போடாதே. எதுக்கு வித்தான்னு சேத்தி எழுது" என்றார்.

நாவல் கலையைப் பற்றி நான் படித்த நூல்கள் சிலவற்றில் இதனைவிடத் தெளிவான விளக்கத்தைக் காணவில்லை. நூலை விற்றான் என்பது செய்தி. வழக்கேட்டில் அது ஒரு வரி. எதற்கு விற்றான் என்பதைச் சேர்த்து எழுதும்போது தறி நின்ற தெரு வருகிறது. விற்காத துணி வருகிறது. ஆலைத்துணியும் அரசின் சட்டமும் வருகின்றன. எட்டு வயதுத் தங்கை வருகிறாள். அந்த ஒரு சொல்லை நிறைவேற்றத்தான் கண்டதும் கேட்டதும் கற்றதும் மூன்றும் வேண்டியிருக்கின்றன. அண்ணனின் மக்களிடமும் கேட்ட பின்னரே அந்த அதிகாரத்தை எழுதுவது என்று முடிவு செய்துள்ளேன். அவர்கள் வேண்டாம் என்றால், தூணும் திண்ணையும் வேறோர் ஊரில், வேறொரு குடும்பத்தில், வேறொரு குற்றத்தோடு இருக்கும். ரொட்டி கேக்காக மாறவில்லையா? பசியை மட்டும் மாற்ற மாட்டேன்.

நண்பர்களுக்கு ஒரு சொல்

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் வீடுகளில் நாட்குறிப்புகள் இல்லை. பழைய கடிதக் கட்டுகள் இல்லை. தாத்தாவின் படம்கூடப் பல வீடுகளில் இராது. ஆதலால் நமக்குச் சொல்ல வரலாறு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நம் வீட்டு ஆவணங்கள் நடமாடிக்கொண்டிருக்கின்றன. இருமிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கின்றன. அவற்றைப் படிக்க நாள் குறைவு.

நாவல் எழுத விரும்புவோர்க்கும், எழுதாவிடினும் தம் குடும்பத்தை அறிய விரும்புவோர்க்கும் நான் கற்ற சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரே கதையை ஒரே முறை கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இடைவெளி விட்டுப் பலமுறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் நாளிட்டு எழுதுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டே பதிவு செய்யுங்கள்.

சொன்னவரின் சொல்லையே எழுதுங்கள். 'தூக்குப்போசி' என்றால் போசிதான். அதனைப் 'பாத்திரம்' ஆக்கினால் அந்தக் கைப்பிடியும் நசுங்கலும் போய்விடும்.

நாவல்களை நிறையப் படியுங்கள். படிப்பதால் நம் நினைவு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். 'கோபல்ல கிராம'த்தைப் படித்திராவிட்டால் அம்மாயியின் பேச்சு ஒரு நூலாகக் கூடியது என்பதே எனக்குத் தோன்றியிராது. படித்தது எது, கேட்டது எது என்று குறித்துக்கொண்டால் போதும்.

நம் நூலகத்தையும் பேராசிரியர்களையும் பயன்படுத்துங்கள். பாட்டி சொன்ன பஞ்சத்துக்கு ஆண்டு உண்டு, சட்டம் உண்டு, நாளேட்டில் செய்தி உண்டு. அவற்றைத் தேடிக் கண்டு பாட்டியின் கதைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒன்று மற்றொன்றைத் திருத்தும். சில வேளைகளில் ஒன்று மற்றொன்று மறைத்ததைக் காட்டும்.

"உன்னிடம் நினைவு என்று என்ன இருக்கிறது?" என்று கேட்ட எங்கள் பேராசிரியருக்கு இப்பொழுது பணிவோடு விடை கூறலாம். ஐயா, என்னுடையது என்று சொல்லத்தக்கது, தரையில் வெளுத்துத் தெரியும் ஒரு நீள்சதுரம்தான். மற்றவை எல்லாம் பிறர் தந்தவை. தந்தவர் யார், எந்த நாளில் தந்தார் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன. தங்களுக்கும் ஊரில் ஒரு திண்ணை இருக்குமே. ஒரு நாள் வந்து கேட்கலாமா?